வாப்பா விட்டுச் சென்ற ஜைரோபிளேன்





வாரிசுச் சொத்து என்றதும் நம் மக்களுக்கு வீடும் தோப்பும் நகையும் கடையும்தான் நினைவுக்கு வரும். எங்கள் வாப்பா விட்டுச் சென்றவற்றுள் விலைபோகக்கூடிய ஒரே பொருள் ஒரு பழைய ஜைரோபிளேன். அதை நாங்கள் விற்ற வரலாற்றை உம்மாவின் அனுமதியுடன் இங்கே எழுதுகிறோம். வாப்பாவின் தவறு ஒன்றும் இதில் அடங்கியிருப்பதால் அந்த அனுமதி எங்களுக்குத் தேவைப்பட்டது.

வாப்பா காயல்பட்டினத்துக்காரர். 1980களின் இறுதியில் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திற்கு வந்து, ஒரு தொழிற்சாலையில் கடைசல் வேலை பார்த்தார்கள். அம்மாநிலத்தில் மென்டோன் என்றொரு சிற்றூர் உண்டு. இகோர் பென்சன் 1962இல் தோற்றுவித்த பாப்புலர் ரோட்டர்கிராஃப்ட் அசோசியேஷன் என்னும் ஜைரோபிளேன் பிரியர்களின் சங்கத்திற்கு அதுவே இருப்பிடம். ஒரு கோடையில் உடன் வேலை செய்தவர் வாப்பாவை அங்கே அழைத்துச் சென்றார். திரும்பி வந்த வாப்பா அன்றிரவு உணவின்போது வேறு எதையும் பேசவில்லை.

ஜைரோபிளேன் பார்வைக்குச் சிறிய ஹெலிகாப்டர் போலிருக்கும். இயங்கும் விதமோ வேறு. பறக்கும்போது அதன் தலைமேல் சுழலும் நீண்ட இறக்கைகளை எஞ்சின் சுழற்றுவதில்லை. பின்னால் உள்ள விசிறி வண்டியை முன்னே தள்ள, கீழிருந்து மேலாகப் பாயும் காற்றே இறக்கைகளைச் சுழற்றுகிறது. எஞ்சின் நின்றாலும் அவை சுழன்றுகொண்டே இருக்கும். வண்டி மெல்லக் கீழிறங்கும். 1923ஆம் ஆண்டு ஜனவரியில் ஸ்பெயின் நாட்டின் ஹுவான் டெ லா சியர்வா முதன்முதலில் இவ்வகை விமானத்தை வெற்றிகரமாகப் பறக்கச் செய்தார். "அந்தலூஸ் மண்ணில் பிறந்த கருவி" என்று வாப்பா பெருமையாகச் சொல்வார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் சிறகு கட்டிப் பறக்க முயன்ற அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸின் கதையும் உடனே தொடரும். அவர் பறந்தார், ஆனால் தரையிறங்கும்போது முதுகில் அடிபட்டது. பறவை வாலைக் கொண்டு இறங்குகிறது என்பதை அவர் கவனிக்கவில்லை, தமக்கு வால் அமைத்துக்கொள்ளவில்லை என்று பின்னாளில் அல்மக்கரீ எழுதிவைத்தார். சிறுவயதில் இக்கதையை நாங்கள் எத்தனை முறை கேட்டிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை.

வாப்பா வாங்கியது இருவர் அமரும் ஜைரோபிளேன். உதிரிப்பாகங்களாக வந்த பெட்டியிலிருந்து வேறொருவர் தம் கொட்டகையில் பொருத்திய வண்டி அது. சுபாரு கார் எஞ்சின் பூட்டப்பட்டிருந்தது. அமெரிக்காவில் இத்தகைய விமானத்தை அனுமதிப்பதற்கு, வேலையில் பாதிக்கு மேற்பட்டதைப் பொழுதுபோக்காகவோ கற்பதற்காகவோ தனிமனிதர்களே செய்திருக்க வேண்டும். ஆண்டுச் சோதனை செய்து கையெழுத்திடும் சான்றிதழ் அதைக் கட்டியவருக்குக் கிடைக்கும். இரண்டாவதாக வாங்கியவருக்கு அன்றைய விதிப்படி கிடைக்காது. ஆகவே வாப்பா ஒவ்வோர் ஆண்டும் உரிமம் பெற்ற மெக்கானிக் ஒருவரை அழைத்துப் பணம் கொடுத்துச் சோதித்து வந்தார்கள்.

எங்கள் மூவருள் மூத்த இருவரும் அதில் பறந்திருக்கிறோம். இளையவருக்குப் பத்து வயதானதும் அழைத்துச் செல்வதாக வாப்பா வாக்களித்திருந்தார்கள். வயது பத்தும் ஆயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று, அழைத்துச் செல்லவில்லை. 2013க்குப் பிறகு வாப்பாவும் பறக்கவில்லை. ஆயினும் ஹேங்கர் வாடகையைக் கட்டிக்கொண்டு, சனிக்கிழமை தோறும் சென்று தூசு துடைத்துவிட்டு வருவார்கள். விற்றுவிடுங்கள் என்று உம்மா இருமுறை சொன்னார்கள். வாப்பா பதில் சொல்லவில்லை.

2016 டிசம்பரில் வாப்பா வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அடக்கச் செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். நண்பர் ஒருவரிடம் வாங்கிய கர்ளன் ஹஸனா 6,000 டாலரும் ஹேங்கர் வாடகைப் பாக்கி 1,100 டாலரும் நின்றன. கடன் தீராமல் வாரிசுகளுக்குப் பங்கில்லை என்பதை நம்மில் அறியாதவர் யார்? பனி உருகியதும் ஹேங்கரைத் திறந்து, 17,000 டாலர் என்று விலை குறித்து விளம்பரம் கொடுத்தோம்.

மூன்றாம் வாரத்தில் சோளமும் சோயாவும் பயிரிடும் இளம் விவசாயி ஒருவர் ஏழு வயது மகனுடன் வந்தார். எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார். லாக் புக்கைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பையன் அனுமதி கேட்காமலே இரண்டாவது இருக்கையில் ஏறி அமர்ந்துகொண்டான். 16,500 டாலருக்குப் பேச்சு முடிந்தது. அடுத்த சனிக்கிழமை காசோலையுடன் வருவதாகச் சொல்லிச் சென்றார்.

அந்த வாரத்தில்தான், ஒப்படைக்க வேண்டிய காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது வாப்பாவின் குறிப்பேடு கிடைத்தது. எண்ணெய்க் கறை படிந்த, தமிழில் எழுதிய சிறு நோட்டு. 2011 செப்டம்பர் மாதப் பக்கத்தில் இருந்ததைச் சுருக்கிச் சொல்கிறோம். தலைமேலுள்ள இறக்கைகள் போதிய சுழற்சி பெறுமுன் வாப்பா ஓடுபாதையில் வண்டியை வேகமாக ஓட்டியிருக்கிறார்கள். அவ்வாறு செய்தால், பின்னோக்கிச் செல்லும் இறக்கை காற்றைப் பிடிக்க இயலாமல் மேலும் கீழுமாக அடிக்கும். அடித்த இறக்கை பின்புறச் சுக்கானின் உச்சியை வெட்டிவிட்டது. வாப்பா சுக்கானைத் தம் கையாலேயே சரிசெய்து வண்ணம் பூசினார்கள். இறக்கையில் கண்ணுக்குத் தெரியும் கோணல் இல்லை என்று எழுதியிருந்தார்கள். லாக் புக்கில் பதியவில்லை. மெக்கானிக்கிடமும் சொல்லவில்லை.

அடிபட்ட இறக்கையைக் கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்ல முடியாது. உள்ளே மயிரிழை அளவு விரிசல் இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் அது வளரும். இறக்கைகளை மாற்றி, அவற்றைத் தாங்கும் நடுத்தண்டையும் போல்ட்டையும் தூணையும் பிரித்துச் சோதிப்பதே முறை. வாப்பா அறியாதவர்கள் அல்லர். அந்நாளுக்குப் பின் இரண்டாவது இருக்கையில் யாரையும் ஏற்றவில்லை என்பதும் அந்த நோட்டிலேயே தெரிந்தது. 2014இல் ஒருவர் விலைக்குக் கேட்டு வந்ததாகவும், விற்பதற்கில்லை என்று அனுப்பிவிட்டதாகவும் ஒரு வரி இருந்தது. மறைத்து விற்க அவர்களுக்கு மனம் வரவில்லை. சொல்லி விற்கத் துணிவு வரவில்லை என்றே நாங்கள் விளங்கிக்கொண்டோம்.

அன்றிரவு நாங்கள் மூவரும் ஒத்த கருத்தில் இல்லை. உறவினர் ஒருவர் எளிய வழி சொன்னார்: "உள்ளது உள்ளபடி விற்கப்படுகிறது என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சோதித்துப் பார்ப்பது வாங்குகிறவர் பொறுப்பு." எங்களில் ஒருவருக்கு அது நியாயமாகவே பட்டது. மற்றொருவரை வேறு கவலை வாட்டியது. மரணித்தவரின் குறையைப் பேசாதீர்கள் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளதே. வாப்பா ஐந்து ஆண்டுகள் மூடிவைத்ததைப் பிள்ளைகளாகிய நாங்கள் அந்நியர் முன் திறப்பதா?

மறுநாள் பள்ளிவாசல் இமாமிடம் சென்றோம். சந்தையில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்ட நிகழ்ச்சியை அவர் நினைவூட்டினார். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள அந்த நிகழ்ச்சியை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்தது வியாபாரியின் குற்றமன்று; ஈரத்தை அடியில் வைத்ததே கண்டிக்கப்பட்டது. "நீங்கள் அறியாத குறைக்கு ஒப்பந்தம் பாதுகாப்பு தரலாம். அறிந்த குறைக்கு அது திரையாகாது" என்றார். வாப்பாவைக் குறித்துக் கேட்டபோது, "குறையைச் சொல்வதற்கு மனிதரைச் சொல்ல வேண்டிய அளவு மட்டும் சொல்லுங்கள். எஞ்சியதை மூடுங்கள்" என்றார்.

இமாம் சொன்னதை உம்மாவிடம் வந்து சொன்னோம். உம்மா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "வாப்பா உங்கள ஏத்தாத சீட்டுல இன்னொருத்தர் புள்ளைய ஏத்துறதா?" என்று மட்டும் கேட்டார்கள். இளையவர் எழுந்து வெளியே சென்றுவிட்டார். வாக்குத் தவறியதாக அத்தனை ஆண்டுகள் வாப்பாமீது அவருக்கு மனக்கசப்பு இருந்தது.

சனிக்கிழமை அந்த விவசாயி காசோலையுடன் வந்தார். பணத்தைப் பேசுமுன் நோட்டைத் திறந்து, அந்தப் பக்கத்தை ஆங்கிலத்தில் சொன்னோம். இன்னொன்றையும் சொன்னோம். அந்த வண்டிக்கு நேர்ச்சுக்கான் உண்டு. படுக்கைவாட்டு வால் இல்லை. அக்காலத்தில் இவ்வாறே வந்த வடிவங்கள் சில. விசிறியின் தள்ளுவிசை வண்டியின் எடைமையத்திற்கு மேலே அமைந்துவிட்டால், காற்றில் இறக்கைகளின் மேலுள்ள சுமை குறையும் கணத்தில் மூக்கு முன்னோக்கிக் கவிழலாம். அதைத் தணிப்பது படுக்கைவாட்டு வால்தான். இப்னு ஃபிர்னாஸின் கதையைச் சொல்லி வளர்த்த வாப்பாவின் வண்டியிலேயே அந்த வால் இல்லை என்பது, அதைச் சொல்லும்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

அவர் நெடுநேரம் பேசவில்லை. காசோலையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்வதாகக் கூறிச் சென்றார். பதினொரு நாள் அழைப்பு வரவில்லை. அந்தப் பதினொரு நாளும் நாங்கள் பொறுமையாக இருந்தோம் என்று சொன்னால் அது பொய்யாகும். கடன் கொடுத்த நண்பரை ஜும்ஆவில் சந்திக்கவே கூச்சமாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் அவர் அழைத்தார். இறக்கைகளும் நடுத்தண்டும் இல்லாமல் எஞ்சியதை 9,000 டாலருக்கு எடுத்துக்கொள்வதாகவும், புதிய இறக்கைகளும் வாலும் பொருத்தி, பயிற்றுநரிடம் முறையாகக் கற்ற பிறகே பறப்பதாகவும் சொன்னார். ஒப்புக்கொண்டோம். பழைய இறக்கைகளை வேறு யாரும் எடுத்துப் பூட்டிவிடக் கூடாது என்பதற்காக, ஹேங்கர் வாசலில் வைத்து வாப்பாவின் இரும்பு ரம்பத்தாலேயே துண்டுகளாக அறுத்தோம். 2011இல் நடந்ததை லாக் புக்கில் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டோம். விற்பனைப் பத்திரம் நீதிமன்ற ஆவணத்துடன் ஓக்லஹோமா சிட்டியிலுள்ள விமானப் பதிவகத்திற்குச் சென்றது.

கடன் 6,000, வாடகை 1,100 போக மிஞ்சியது 1,900 டாலர். வாப்பாவின் பெற்றோர் முன்பே காலமாகிவிட்டார்கள். ஆகவே உம்மாவுக்கு எட்டில் ஒன்றாக 237 டாலர் 50 சென்ட். ஆண்மக்கள் இருவருக்கும் தலா 665. மகளுக்கு 332 டாலர் 50 சென்ட். பேசிய முதல் விலைக்கே விற்றிருந்தால் 9,400 டாலர் மிஞ்சியிருக்கும். அந்த வித்தியாசம் எங்களுக்குச் சிறியதன்று. அவ்வாண்டு ஒருவர் கல்லூரிப் படிப்பை ஒரு பருவம் ஒத்திவைக்க நேர்ந்தது. ஆனால் கடன் தீர்ந்தது. வானில் சிறு வண்டியின் இரைச்சல் கேட்கும்போது நாங்கள் அஞ்சாமல் நிமிர்ந்து பார்க்கிறோம்.

நம்மில் ஜைரோபிளேன் விற்பவர்கள் மிகச் சிலரே. ஆனால் அடிபட்டு வண்ணம் பூசிய கார், மழையில் ஒழுகும் வீடு, சரியாக நிற்காத பிரேக் கொண்ட ஸ்கூட்டர் ஆகியவற்றை நாம் எல்லோரும் என்றேனும் விற்கிறோம். வாங்குகிறவரால் வாசிக்க முடியாத ஒரு குறிப்பேடு நம் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. விலை பேசுமுன் அதை அவருக்கு வாசித்துக் காட்டுவோமாக.

வல்ல அல்லாஹ் எங்கள் வாப்பாவின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் கப்ரை விசாலமாக்குவானாக. நம் கொடுக்கல் வாங்கலில் உண்மையையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.