வின்னிபெக் குழாயில் வரும் தண்ணீர்



கனடாவின் வின்னிபெக்கில் குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம். கேனும் வேண்டாம், வடிகட்டியும் வேண்டாம். ஊரிலிருந்து வரும் விருந்தாளிகள் முதலில் தயங்குவார்கள். இரண்டு நாளில் ‘தண்ணி என்ன ருசி!’ என்பார்கள். அந்தத் தண்ணீர் யாருடைய ஏரியிலிருந்து வருகிறது என்பதை இந்த மடலில் எழுதுகிறேன்.

மானிடோபா, ஒன்டாரியோ மாகாணங்களின் எல்லையில் ஷோல் ஏரி இருக்கிறது. அங்கிருந்து 150 கிலோமீட்டருக்கும் மேல் மூடிய கான்கிரீட் கால்வாய் கட்டி, 1919இல் நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஏரி மேட்டில் இருப்பதால் பம்பு வைக்காமலே தண்ணீர் ஓடிவருகிறது. அந்தக் கரையில் அனிஷினாபே பழங்குடியினர் வாழ்ந்தார்கள், இன்றும் வாழ்கிறார்கள். அரசாங்கப் பதிவேட்டில் அவர்கள் ஊருக்கு ஷோல் லேக் 40 என்று பெயர். நகரத்தின் தாகத்துக்காக அவர்கள் நிலத்தில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் எடுக்கப்பட்டது. சதுப்பிலிருந்து வரும் பழுப்பு நீர் நகரத்துக் கால்வாயில் கலந்துவிடக் கூடாதே என்று கரை எழுப்பி, வாய்க்கால் வெட்டி, அதை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். அந்தப் பக்கம்தான் அவர்கள் குடியிருந்தார்கள். வாய்க்கால் வெட்டியதில் ஊர் கரையிலிருந்து துண்டுபட்டுத் தீவாகவும் ஆனது.

தீவு என்றால் என்னவென்று நினைத்துப் பாருங்கள். அப்போதெல்லாம் கோடையில் படகு உண்டு. நடுக்குளிரில் உறைந்த ஏரிமேல் வண்டியே ஓட்டலாம். நடுவில் சில வாரங்கள், பனி உறையத் தொடங்கும்போதும் உருகும்போதும், படகும் போகாது, பனியும் தாங்காது. பிரசவ வலியும் நெஞ்சுவலியும் அந்த வாரங்களைப் பார்த்து ஒதுங்கி நிற்குமா? கடக்கப் போய்ப் பனி உடைந்து ஏரிக்குள் மூழ்கியவர்கள் உண்டு. வின்னிபெக்குக்கே தண்ணீர் தரும் ஏரியின் நடுவில் இருந்துகொண்டு, 1997இலிருந்து பல ஆண்டுகள் அவர்கள் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க முடியவில்லை. பெரிய பெரிய பாட்டில்களில் குடிநீர் வெளியிலிருந்து வந்தது. படகிலிருந்து இறக்கி, வீட்டுக்கு வீடு சுமக்க வேண்டியிருந்தது. சுத்திகரிப்பு நிலையம் கட்டலாமென்றால், சாலை இல்லாததால் செலவு கட்டுபடியாகாது என்று பதில் வந்தது. சாலை ஏன் இல்லை என்பதற்கு அந்த வாய்க்காலே பதில்.

நீதிமன்றம் போயிருக்கலாமே என்று தோன்றும். 1927 முதல் 1951 வரை, நில உரிமைக்காக வழக்குப் போட அரசின் அனுமதி இல்லாமல் பழங்குடியினர் பணம் திரட்டுவதே இந்த நாட்டில் குற்றமாக இருந்தது. பழங்குடித் தகுதியை விட்டுக்கொடுக்காமல் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை எல்லாருக்கும் 1960இல்தான் வந்தது. ஒரு சமூகத்தை ஓரங்கட்ட ஆத்திரமோ கலவரமோ தேவையில்லை. ஒரு வரைபடமும் ஒரு சட்டப்பிரிவும் போதுமாயிருந்தன.

2014இல் வின்னிபெக்கில் கனடாவின் மனித உரிமை அருங்காட்சியகம் திறந்தார்கள். கண்ணாடிக் கட்டடம், உள்ளே அமைதியாக உட்கார நீர்நிலைகள். அந்த நீரும் ஷோல் ஏரி நீர். ஷோல் லேக் 40 மக்கள் அதே ஆண்டு தங்கள் ஊரையே ‘கனடிய மனித உரிமை மீறல்களின் அருங்காட்சியகம்’ என்று அறிவித்து, வந்து பாருங்கள் என்று அழைத்தார்கள். இங்கே வந்தபின் நான் கேள்விப்பட்ட போராட்டங்களில் இதைவிடக் கூர்மையானது வேறில்லை. மெல்ல நகரத்தின் மனசாட்சி அசைந்தது. 2019இல் 24 கிலோமீட்டர் நீளத்துக்கு ‘விடுதலைச் சாலை’ வந்தது. 2021இல் சுத்திகரிப்பு நிலையமும் வந்தது. நகரத்துக்குத் தண்ணீர் போய் நூறாண்டு கழித்து.

இப்போது நம்மவர்களைப் பற்றி. வந்து இறங்கிய சில மாதங்களிலேயே பலர் பழங்குடியினரைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன்: ‘அவங்களுக்கு கவர்மெண்ட் எல்லாத்தையும் சும்மா குடுக்குது, அவங்கதான் முன்னேற மாட்டேங்கறாங்க.’ ஊரில் இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசியவர்களின் அதே குரல், அதே நிச்சயம். மாகாணங்களின் குடிநீர்ச் சட்டங்கள் பழங்குடி ஊர்களின் எல்லையோடு நின்றுவிடுவதும், அங்கே வீட்டு நிலம் சட்டப்படி அரசுடைமையாக இருப்பதால் அதை அடமானம் வைத்துக் கடன் வாங்குவது பெரும்பாடு என்பதும் அந்தப் பேச்சில் வராது. புது நாட்டின் மொழி நாவில் ஏறுவதற்கு முன்பே அதன் இளக்காரம் ஏறிவிடுவது எனக்கு வேதனையாக இருக்கிறது. குடியுரிமை உறுதிமொழியில் பழங்குடியினரின் உரிமைகளையும் ஒப்பந்தங்களையும் மதிக்கும் சொற்கள் 2021இல் சேர்க்கப்பட்டன. கையை உயர்த்தி அதைச் சொல்லித்தான் நம்மவர்கள் இப்போது குடிமக்களாகிறார்கள்.

எல்லா ஊருக்கும் விடிவு வந்துவிடவில்லை. வடக்கு ஒன்டாரியோவில் நெஸ்கன்டாகா என்ற பழங்குடி ஊரில் 1995இல் தொடங்கிய ‘காய்ச்சிக் குடி’ எச்சரிக்கை முப்பது ஆண்டைத் தாண்டிவிட்டது. அன்று பிறந்தவர்கள் இன்று தங்கள் பிள்ளைகளுக்கு பாட்டில் தண்ணீரில் பால் கலக்கிறார்கள்.

எங்கள் பொங்கல் விழாவுக்கு ஷோல் லேக் 40 பெரியவர் ஒருவரை அழைத்து, முதல் மரியாதை செய்து, பேசச் சொல்வோம் என்று விழாக் குழுவில் கேட்டேன். பானையில் பொங்குவது அவர்கள் ஏரித் தண்ணீர் என்றேன். சிலர் உடனே சரி என்றார்கள். ஒருவர் அரசியல் வேண்டாமே என்றார். முடிவு ஆகவில்லை, அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.

அன்புடன்,
வின்னிபெக்கிலிருந்து