கணக்கில் எழுதாத செலவு

பணம் அருகும்போது மனிதன் எதை முதலில் கைவிடுகிறான், எதைக் கடைசிவரை கைவிட மறுக்கிறான் என்று பார்த்தால், அவன் தன்னை எவ்வாறு மதித்திருக்கிறான் என்பது விளங்கும். இதை எமக்குக் கற்பித்தவை ராகலைத் தோட்டப்புறத்து லயங்கள்.

2022ஆம் ஆண்டை இலங்கையில் எவரும் எளிதில் மறக்கமாட்டார்கள். வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென்று அரசு அவ்வாண்டு ஏப்ரலில் அறிவித்தது. அதற்கு முன்பே, மார்ச்சில், 400 கிராம் பால்மாவின் விலை 790 ரூபாவாகிவிட்டது. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. அதுவும் கேட்ட நிறைக்குக் கொழுந்து எடுத்தால்தான், குறைந்தால் அரைப்பேர். 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்ததன் விளைவாகச் செடிகள் தளர்ந்து, கொழுந்து அருகிப்போயிருந்த வேளை அது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் காட்டிய உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். முந்திய ஆண்டு 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா கொடுக்கவேண்டியிருந்தது என்பதே இதன் பொருள்.

எமது லயத்தில் அவ்வாண்டு போனவை வரிசையாகப் போயின. இறைச்சி போயிற்று, முட்டை போயிற்று, பால்மா போயிற்று, பின்பு பருப்பும் போயிற்று. ரொட்டி மெலிந்தது. சம்பலில் தேங்காய் குறைந்து மிளகாய் மிகுந்தது. எனினும் மூன்று பொருள்கள் போகவில்லை: தேத்தண்ணீருக்குச் சீனி, தீபாவளிக்குப் பிள்ளைகளின் புதுத்துணி, வெற்றிலை.

சீனியைக் கோப்பையில் கொட்டிக் கலக்கும் வழக்கம் நின்றது. உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்து, ஒவ்வொரு மிடறுக்கும் நாவால் தொட்டுக்கொண்டு சாயத் தேத்தண்ணீர் குடித்தோம். அக்டோபர் 24ஆம் தேதி தீபாவளி வந்தது. மாதந்தோறும் சம்பளத்தில் வெட்டப்படும் என்று அறிந்தே தீபாவளி அட்வான்சை வாங்கியவர்கள், ராகலைக் கடைவீதியில் சிறுவர் சட்டைகளைப் புரட்டிப் புரட்டி விலை கேட்டு நின்றார்கள். எமது அன்னையாரோ ஒரு வெற்றிலையை நான்காகக் கிழித்து, நான்கு வேளைக்கென்று சுருக்குப்பையில் முடிந்துகொண்டார். அதையும் விட்டுவிடலாமே என்று ஒருநாள் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. “பொழுதுக்கும் மலையில நிக்கணுமே தம்பி, வாய்க்கு இது ஒரு தொணை” என்றார்; அவ்வளவே.

“சோற்றுக்கு வழியில்லை என்கிறார்கள், வெற்றிலைக்கு மட்டும் வழியிருக்கிறதே!” என்ற பேச்சு புதிதன்று. கடை மேசையில் கேட்டிருக்கிறோம். ஆசிரியர் ஓய்வறையிலும் கேட்டிருக்கிறோம். ஏழையின் சிக்கனமின்மையே அவனது ஏழ்மைக்குக் காரணம் என்று நிறுவிவிட்டால் சம்பளத்தைப் பற்றிப் பேசவேண்டிய அவசியம் இல்லாமற் போகிறது. அந்தப் பேச்சின் வசதி அதுதான்.

இதே பேச்சு 1930களின் இங்கிலாந்திலும் கேட்டது. வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர் சத்துள்ள உணவை விட்டுச் சீனியிட்ட தேநீரை நாடுவதைப் பலர் பழித்தார்கள். 1937இல் வெளிவந்த ‘விகன் துறைக்குச் செல்லும் பாதை’ என்ற நூலில் ஜார்ஜ் ஓர்வெல் அதற்கு விடையளித்தார்: கையில் காசு குறையக் குறைய, சலிப்பூட்டும் நல்லுணவை மனம் வெறுக்கிறது; நாவுக்குச் சுவையான ஏதோ ஒன்றை நாடுகிறது என்பது அவர் கண்டது. அந்தத் தேநீர் எங்கிருந்து போயிற்று? நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைவரை ஒரு காலத்தில் ஒடுங்கிய ரயில்பாதை ஓடிற்று. தேயிலைப் பெட்டிகள் அதில் இறங்கிச் சென்றன. அங்கே வேலையற்றவனுக்கு ஆறுதலளித்த கோப்பையை, இங்கே வெற்றிலையை மென்றுகொண்டு ஒருத்தி பறித்திருக்கக்கூடும். இருவரும் ஒருவரையொருவர் அறியார். இருவர்மீதும் சுமத்தப்பட்ட குற்றம் ஒன்றே.

உழைப்புச் சக்தியின் மதிப்பை உயிர் தாங்கும் உணவு மட்டும் தீர்மானிப்பதில்லை, அதில் வரலாறும் ஒழுக்கமும் சார்ந்த ஒரு கூறும் உண்டு என்று 1867இல் ‘மூலதனம்’ முதற் பாகத்தில் மார்க்ஸ் எழுதினார். தோட்டத்துரைமாரின் பழைய ஏடுகள் அந்தக் கூற்றை ஒருபோதும் ஏற்கவில்லை. அரிசி, கம்பளி, பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. ஒரு தொழிலாளியின் தேவை அத்துடன் முடிந்தது. அரிசியின் விலையும் கம்பளியின் விலையும் அவன் சம்பளத்திலேயே கழிக்கப்பட்டன. ஆயினும் வெற்றிலை பாக்கு வைத்தன்றோ கல்யாணத்துக்கு அழைக்கிறோம்! விருந்தினரை இஸ்தோப்பில் அமர்த்தி நீட்டுவதும் அதுவே. அதையும் இழந்த வீடு, பசித்த வீடாக மட்டும் இராது. நாலு பேர் முகத்தில் விழிக்கக் கூசும் வீடாகிவிடும். புதுச்சட்டையின்றித் தீபாவளியன்று காம்பராவுக்குள்ளேயே பதுங்கும் பிள்ளையின் துயரை எந்தப் பணவீக்கச் சுட்டெண் அளக்கும்?

இவ்வளவும் சொன்னதனால் எல்லாச் சிறு இன்பத்தையும் நாம் போற்றுகிறோம் என்று கொள்ளலாகாது. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் வகைப்படுத்தியது. பசியை மறக்க மெல்லும் பொருளே வாயை அரிக்கிறதென்றால், பசியைத் தீர்ப்பதே அதற்கு மருந்து. வெறும் உபதேசம் பயன்படாது. சாராயமோ வேறு வகை. ஒருவர் குடிக்கும் குவளைக்குப் பிள்ளைகளின் ரொட்டி விலையாகிறது. ஆகவே எந்த இன்பம் சிறிது, எது பெரிது என்று கேட்பதைவிட, அதற்காக யாருடைய தட்டு குறைகிறது என்று கேட்பதே நேர்மை. எமது லயத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டால் விடை பெரும்பாலும் ஒன்றுதான். கொழுந்தெடுத்துச் சம்பாதித்தவளின் தட்டே முதலில் குறைகிறது. அவளுடைய வெற்றிலையே முதலில் நான்காகக் கிழிகிறது. அவள் கணவனின் குவளையை யாரும் நான்காகப் பிரித்ததை நாம் கண்டதில்லை.

2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ மேசைகளில் வாழ்க்கைச் செலவு கணக்கிடப்பட்டது. அரிசி, மா, பருப்பு, மண்ணெண்ணெய் என்று பட்டியல் நீண்டது. வகுப்பறையில் குடும்ப வரவு செலவைக் கற்பிக்கும் ஆசிரியரும், லயங்களில் விவரம் திரட்ட வரும் மாணவரும் அந்தப் பட்டியலின் கீழே இன்னும் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளட்டும்: விருந்தினருக்கு நீட்ட வெற்றிலை, பிள்ளைக்குச் சட்டை, உள்ளங்கையில் ஒரு சிட்டிகைச் சீனி. அந்த வரிக்கும் சேர்த்துச் சம்பளம் கேட்பது ஆடம்பரம் என்று யாரேனும் சொன்னால், அவர் தம் வீட்டுக் கணக்கில் எத்தனை வரிகள் உண்டென்று முதலில் எண்ணிவிட்டு வரட்டும்.