கூப்பிடு தூரத்தில் ரங்கூன்

சென்னை பீச் ஸ்டேஷனுக்கு எதிர்ப்புறம், செகண்ட் லைன் பீச் தெரு. வெயில் தாழ்ந்ததும், அத்தோ என்னும் பர்மா நூடுல்ஸ் விற்கும் வண்டிகளைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. ஒரு வண்டியை ஒட்டிச் சுவரோரம் நிற்கிறேன்.

வண்டிக்காரப் பெரியவர் கல்லாப் பக்கம். பிசைவது மகன். ஆரஞ்சு நிற நூடுல்ஸ் ஒரு கைப்பிடி, மெல்லிசாய்ச் சீவிய முட்டைக்கோஸ், வெங்காயம், கொத்தமல்லி. மேலே புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டு வறுத்த எண்ணெய். கடைசியில் பேஜோ என்னும் மொறுமொறு பொரியலை நொறுக்கித் தூவி, நூடுல்ஸ் உடையாமல் விரல் நுனியால் புரட்டிப் புரட்டிக் கலக்கிறான். இதற்கு அடுப்பும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம். பர்மாவில் பல உணவுகளை இப்படித்தான் கையால் பிசைவார்கள். தேயிலையைக்கூட ஊறவைத்துப் பிசைந்து தின்னும் நாடு அது.

பக்கத்து அண்டாவில் வாழைத்தண்டு போட்ட சூப் கொதிக்கிறது. இதன் தாய் மொஹிங்கா, பர்மாக்காரர்களின் காலைச் சாப்பாடு. ஆற்று மீனை வேகவைத்துக் குழம்பாக்கி, கடலை மாவு கரைத்து, வாழைத்தண்டு சேர்த்து, அரிசி நூடுல்ஸின் மேல் ஊற்றுவார்கள். இந்த அண்டாவில் மீன் இல்லை. வாழைத்தண்டு மட்டும் கப்பலேறி வந்திருக்கிறது.

பர்மாவின் ஐராவதி ஆற்றுக் கழிமுகத்தை வெள்ளைக்காரன் நெல்வயலாக்கியபோது, செட்டிநாட்டுப் பணமும் தமிழ்க் கூலிகளின் உழைப்பும் அங்கே போய்ச் சேர்ந்தன. 1962-இல் அங்கே ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகள் அரசுடைமையாயின. 1964-இல் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாமல் போயின. லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெறுங்கையோடு தாயகம் திரும்பினார்கள். அவர்கள் கப்பலிலிருந்து இறங்கிய துறைமுகம் இந்த வண்டியிலிருந்து கூப்பிடு தூரம். அவர்களின் பிழைப்புக்காக 1969-இல் அமைந்த பர்மா பஜாரும் பக்கத்திலேயே.

கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர் முட்டை மசாலா கேட்கிறார்கள். அவித்த முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயம் திணித்து, புளித்தண்ணீர் விட்டுத் தருகிறான். ஒரே வாய். கண்ணில் நீர் வர, இன்னொன்று கேட்கிறார்கள்.

வயதான அம்மாள் ஒருவர் தூக்குவாளியோடு வருகிறார். பெரியவர் எழுந்து, தானே சூப் ஊற்றித் தருகிறார். அம்மாள் மூடியில் கொஞ்சம் விட்டுக் குடித்துப் பார்க்கிறார்.

“எல்லாம் சரியா இருக்குப்பா. மீன் வாசம் ஒண்ணுதான் இல்ல.”

“இங்க மீன் போட்டா பாதிப் பேரு வரமாட்டாங்கம்மா.”

அம்மாள் தலையாட்டிவிட்டுக் காசை நீட்டுகிறார். கூட்டம் இன்னும் நெருக்குகிறது. மகன் அவசரமாக அடுத்த தட்டைக் கலக்க, பெரியவர் எட்டிப் பார்க்கிறார்.

“பூண்டு எண்ணெய் எங்கடா?”

“ஆளுங்க நிக்கிறாங்கப்பா.”

“நிக்கட்டும். ஊத்திட்டுப் பிசை.”