31 கழியட்டும், தங்கச்சி

கல்லடி,
ஆவணி மாதம்.

அன்புள்ள தங்கச்சிக்கு,

படம் எடுக்க ஆரையம்பதித் தம்பியைப் பேசி வைத்திருப்பதாகவும், 31ஆம் நாள் துடக்குக் கழியாமல் பிள்ளைக்குக் கெமராவே காட்டக் கூடாது என்று அம்மா பிடிவாதமாய் நிற்பதாகவும் போனில் சொன்னாய். அதற்குள் மகன் அழத் தொடங்கிவிட்டான். அப்போது சொல்லாமல் விட்டதையெல்லாம் இதில் எழுதுகிறேன். பால் குடுத்து முடிந்து அவன் உறங்குகிற நேரம் ஆறுதலாகப் படி.

முதலில் அம்மாவின் விஷயம். இதில் நான் அம்மா பக்கம். பிறந்த பிள்ளைப் படங்களைப் பெரும்பாலும் முதல் இரண்டு கிழமைக்குள் எடுத்துவிடுவார்கள். அந்த நாட்களில் பிள்ளை அடித்துப் போட்டதுபோல் உறங்கும், வயிற்றுக்குள் கிடந்த மாதிரியே சுருண்டு கொடுக்கும். அதனால்தான் படக்காரர்கள் அவசரப்படுத்துகிறார்கள். ஆனால் உனக்குத் தையல் ஆறவில்லை. மகனுக்குத் தொப்புள் கொடி விழவில்லை, முகத்து மஞ்சள் இப்போதுதான் வடிகிறது. துடக்குக் கழிந்து வீடு கழுவிய பிறகென்றால் நீயும் இருந்து எழும்பலாம், அவனும் கண்ணைத் திறந்து பக்கத்தில் இருக்கிற முகத்தை உற்றுப் பார்க்கத் தொடங்கியிருப்பான். நித்திரைப் படம் பத்தைவிட அந்தப் பார்வை ஒன்று எனக்குப் பெரிது. ஆறாம் கிழமையளவில் முகம் பார்த்துச் சிரிக்கிற பருவம் வரும். அதுவரை பொறுத்தாலும் நட்டமில்லை.

இடையில் நீ போனில் எடுத்துக்கொண்டே இரு. பேஸ்புக்கில் மட்டும் போடாதே. அம்மா நாவூறு என்று சொல்கிறா. எனக்கோ, முன்பின் தெரியாதவர்களின் கையில் பிள்ளையின் முகம் போவதே பிடிக்கவில்லை.

அந்தத் தம்பி பூ வளையம், இறகு, ரோமத் துணி எல்லாம் கொண்டு வருவேன் என்றாராம். வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடு. நேற்று எந்தப் பிள்ளை படுத்த துணியோ தெரியாது, அதில் நம்ம பிள்ளையைக் கிடத்தக் கூடாது. வீட்டிலேயே மருதமுனைக் கைத்தறிச் சேலை இருக்கிறதே, சிவப்புக் கரை வைத்தது. துவைத்துத் துவைத்து இப்போது நல்ல மெத்தென்று இருக்கும். கஞ்சி போடாமல், வாசனை எதுவும் சேர்க்காமல் அலசி, வெயிலில் காய வைத்து எடு. பன்பாயை நிலத்தில் விரித்து, மேலே மடித்த போர்வை, அதற்கு மேல் சேலை. நிலத்தில் என்றால் உருண்டு விழுகிற பயமில்லை. சுளகில் கிடத்தி எடுக்க அம்மா ஆசைப்பட்டால் அதையும் பாய்மேலேயே வைத்து எடுங்கள், ஒரு கை எப்போதும் பிள்ளைமேல் இருக்கட்டும்.

இடம், வாவிப் பக்கத்து யன்னல்தான். படுவான்கரையில் வீடு வைத்திருக்கிற உங்களுக்குக் காலை வெளிச்சம் தண்ணீருக்கு மேலால் வருகிறது. இந்தக் கல்லடியில் எனக்கு அது கிடையாது. எட்டரைக்கும் பத்துக்கும் இடையில் எடுத்து முடிக்கச் சொல். யன்னலில் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டிவிட்டால் வெயில் குத்தாது, ஒளி பரந்து விழும். பிள்ளையின் தலை யன்னல் பக்கம் இருக்க வேண்டும். நெற்றியிலிருந்து நாடிக்கு வெளிச்சம் இறங்கினால் இமையும் மூக்கும் உதடும் பதமாய்த் தெரியும். கால் பக்கத்தால் வந்தால் மூக்கின் நிழல் நெற்றிக்கு ஏறி, முகமே வேறாகிவிடும். அறை லைட்டை அணைத்துவிடு, இரண்டு வெளிச்சம் கலந்தால் தோலின் நிறம் கெடும். பிளாஷும் வேண்டாம். கண் கெட்டுவிடும் என்று டொக்டர்மார் சொல்வதில்லை, ஆனால் பிள்ளை திடுக்கிட்டுக் கையை விரித்து அழும்.

குளிர் நாடுகளில் அறையைச் சூடாக்கி, உடுப்பில்லாமல் கிடத்தி எடுப்பார்கள். வெக்கையான கச்சான் காற்று வீசுகிற இந்த மாதத்தில் நமக்குப் பயம் மற்றப் பக்கம்தான். பிடரியில் விரல் வைத்துப் பார், வேர்த்திருந்தால் சுற்றின துணியைத் தளர்த்து. அன்றைக்குச் சாம்பிராணி போட வேண்டாம் என்று அம்மாவிடம் பக்குவமாய்ச் சொல், அந்தப் புகை பிஞ்சு நெஞ்சுக்கு ஆகாது. வருகிறவர் வாசலிலேயே சவுக்காரம் போட்டுக் கை கழுவட்டும். அவருக்குத் தடிமன் இருமல் என்றால் வேறு நாள் வரட்டும்.

ஒன்றை மட்டும் கடுமையாய்ச் சொல்கிறேன். இரண்டு கையிலும் நாடியை ஊன்றிக்கொண்டு பிள்ளை தவளைபோல் குந்தியிருக்கிற படத்தை நீ எனக்கு அனுப்பினாய். எந்தப் பிள்ளையும் அப்படித் தானாக இருக்காது. ஒருவர் தலையைப் பிடிக்க ஒரு படம், கையைப் பிடிக்க இன்னொரு படம் என்று எடுத்து, பிடித்த கைகளைக் கணினியில் அழித்து ஒட்டுகிறார்கள். கழுத்து நிற்காத பிள்ளையை வைத்து அதைச் செய்து பார்க்க விடாதே. மல்லாக்கக் கிடத்தியோ, உன் தோளில் சாய்த்தோ, ஏணைக்குள் கிடக்கிறபோதோ எடுத்தால் போதும். அவன் பசித்து அழுதால் கெமரா காத்திருக்க வேண்டும், அவன் காத்திருக்கக் கூடாது.

இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்று கேட்பாய். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று கல்முனை ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒரு கைக்குழந்தையை உனக்கு நினைவிருக்கும். அன்று சேர்த்தவர்களில் 81ஆவது என்பதால் உலகம் முழுக்க அவனை அந்த எண்ணாலேயே அறிந்தது. பெற்றவர்கள் வந்து எங்கள் பிள்ளை என்றார்கள், காட்டுவதற்கு இருந்த பத்திரங்களைக் கடல் கொண்டுபோயிருந்தது. வழக்குப் பேசி, மரபணுப் பரிசோதனை செய்து, 2005 பெப்ரவரியில்தான் அவன் தாயின் கைக்கு வந்தான். நாவலடியில் சின்னம்மாவின் அல்பங்களும் அந்தச் சுனாமி நாளில்தான் போயின. அதில்தான் அம்மா நம்மைத் தூக்கி வைத்திருந்த படங்கள் இருந்தன. 1978 சூறாவளியும் இடம்பெயர்வுகளும் கொண்டுபோனது வேறு. இந்தக் கரையில் படம் என்பது வீட்டுக்கு வெளியேயும் இருக்க வேண்டிய ஒன்று. ஆகவே போனோடு விட்டுவிடாதே. இரண்டு தொகுதி பிரிண்ட் போடு. ஒன்று உன்னிடம், மற்றது கண்டியில் இருக்கிற மாமியிடம். பின்புறத்தில் பெயர், திகதி, இடம் எழுது. ஒட்டுகிற பிளாஸ்டிக் அல்பம் வேண்டாம், படம் பசையால் மஞ்சளித்துப் பக்கத்தோடு பிடித்துவிடும்.

நீயும் படத்துக்குள் இரு. முகம் வீங்கியிருக்கு, தலை சீவவில்லை என்றெல்லாம் சொல்லாதே. அவன் வளர்ந்து தேடப்போவது உன் முகத்தைத்தான். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற அம்மாவின் கைகளையும் கட்டாயம் எடுக்கச் சொல்.

படம் எடுக்கிற நாளுக்கு முதல்நாள் பின்னேரம் நான் மண்முனைப் பாலத்தால் வந்துவிடுவேன். 2014இல் பாலம் திறக்கும்வரை படகுப் பாதைக்குக் காத்துநின்ற காலம் போய்விட்டது, இனி எனக்குச் சாட்டுச் சொல்ல இடமில்லை. படம் எடுக்கிற அன்று காலை மகனுக்கு உடம்பு சுட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, படத்தை விட்டுவிட்டு நேரே மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. படக்காரத் தம்பியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா