கையோடு பேசும் வண்டி

மோட்டார் வண்டி வாங்கப் போகிற நண்பர்கள் சிலர் நம்மிடம் வந்து யோசனை கேட்பதுண்டு. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், திருப்பி விற்றால் என்ன விலை போகும், பின் ஆசனத்தில் மாமியார் காலை நீட்டி உட்கார இடம் இருக்குமா என்றெல்லாம் விசாரிப்பார்கள். "வளைவில் இந்த வண்டி எப்படித் திரும்பும்? ஸ்டீரிங்கைப் பிடித்தால் கைக்கு என்ன தெரியும்?" என்று கேட்டவர் இதுவரை ஒருவருமில்லை. அந்தக் கேள்வி பந்தயக்காரருக்கு உரியது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள் போலும்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் தரையோடு தரையாக, சிவப்பு வர்ணத்தில், சிங்கம் போல் கர்ஜித்துக்கொண்டு போகவேண்டும் என்பது பொதுவான அபிப்பிராயம். நேர்ச் சாலையில் நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் போவது எஞ்சினுடைய சாமர்த்தியம். உள்ளே இருக்கும் மனிதனுக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வளைவுக்குள் நுழையும்போது, நான்கு சக்கரங்களும் தரையை எவ்வளவு கெட்டியாகப் பற்றியிருக்கின்றன என்பது உள்ளங்கைக்கும் முதுகுக்கும் தெரிந்துகொண்டே இருக்குமானால், அந்த வண்டிதான் நம் கணக்கில் ஸ்போர்ட்ஸ் கார். அதற்குப் பெரிய எஞ்சின் வேண்டுமென்பதில்லை.

நமக்கு இந்த ஞானத்தைப் புகட்டியது எட்டயபுரம். அந்த ஊரின் பெயரைக் கேட்டதும் தமிழர்களுக்குப் பாரதியார் நினைவு வரும். சங்கீத ரஸிகர்களுக்கு, 1835-ல் அங்கே உயிர் நீத்த முத்துஸ்வாமி தீக்ஷிதர் நினைவு வரும். நமக்கோ (அந்த இரண்டு மகான்களும் க்ஷமிப்பார்களாக) சிற்றப்பாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டியும் அதன் பெட்ரோல் வாசனையுங்கூட நினைவு வந்துவிடுகின்றன.

ஊரைச் சுற்றிலும் கரிசல் காடு. மழை பெய்தால் கரிசல் மண் ஊறிப் பருக்கும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அதன்மேல் போட்ட சாலை மட்டும் சும்மா இருக்குமா? கடல் அலை மாதிரி எழும்பியும் தாழ்ந்தும் கிடக்கும். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் நான்கு வழிச் சாலையில் இந்த வேடிக்கை அதிகம் தெரிவதில்லை. அதை விட்டு இறங்கி, மிளகாயும் பருத்தியும் விளையும் காடுகளுக்கு நடுவே செல்லும் கிளைச் சாலைகளில் போனால் தெரியும். அப்படிப்பட்ட சாலைதான் சிற்றப்பாவின் பள்ளிக்கூடம்.

ஹெரால்டு 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் என்ற பெயருடன் வெளிவந்தது. அதன் உருவத்தை வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு கம்பெனியார் அதைச் செய்து விற்றார்கள். எஞ்சின் 948 ஸி.ஸி.தான்; அதைவிடப் பெரிய எஞ்சினோடு இன்று மோட்டார் ஸைக்கிள்களே ஓடுகின்றன. ஆனால் இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். மூடியைத் திறந்தால் முன்பாகம் முழுவதும் முதலை வாயைப் பிளந்தது போல் முன்னோக்கிச் சாயும். தெருப் பிள்ளைகளுக்கு அது ஒரு காட்சி.

ஸ்டீரிங் விஷயத்தைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்லவேண்டும். ஸ்டீரிங் தண்டின் அடியில் ஒரு சிறு பல்சக்கரம். அது பல் வைத்த இரும்புச் சட்டம் ஒன்றை இடமும் வலமும் நகர்த்தும். சட்டத்தின் இரு முனையிலும் முன்சக்கரங்கள். கைக்கும் தரைக்கும் நடுவே அவ்வளவுதான். வளைவில் திரும்பும்போது டயரின் ரப்பர் சற்று முறுக்கிக்கொள்கிறது; முறுக்கிய ரப்பர் மீண்டும் நேராக முயல்கிறது. அந்த முயற்சியே கையில் கனமாகத் தெரிகிறது. வளைவு இறுக இறுகக் கனமும் கூடும். ஆனால் பிடிப்பு எல்லையை நெருங்கும்போது ஓர் ஆச்சரியம் நடக்கிறது. டயர் வழுக்குவதற்குச் சற்று முன்பே அந்தக் கனம் குறைந்து, சக்கரம் கையில் லேசாகிவிடுகிறது! கண்ணுக்கும் காதுக்கும் இன்னும் ஒன்றும் எட்டவில்லை; கைக்கு மட்டும் செய்தி வந்துவிட்டது.

"ஏலே, கையை இறுக்காதே. கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடி. இறுக்கிப் பிடிச்சா வண்டி சொல்றது எப்படிலே கேட்கும்?" என்பார் சிற்றப்பா. வீணை வாசிப்பவர் தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கும்போது, விரலுக்குத் தெரிகிற இறுக்கத்தைக் கொண்டல்லவா ஸ்வரத்தின் இடத்தை நிச்சயிக்கிறார்? தீக்ஷிதர் வீணை வாசித்த ஊரில் இந்த உபமானத்தைச் சொல்வதற்கு நமக்குக் கொஞ்சம் தைரியம் வருகிறது.

ஹெரால்டு ஒன்றும் குற்றமற்ற வண்டி அல்ல. அதன் பின்சக்கரங்களை ஊசலாடும் அச்சுகளில் மாட்டியிருந்தார்கள். வளைவுக்கு நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் வண்டியின் பின்பாகம் எழும்பும்; சக்கரங்கள் உட்பக்கமாக மடங்கும்; பிடிப்புப் போய் வண்டி பம்பரமாகச் சுழன்றாலும் சுழலும். 1972-ல் அதற்குப் பதிலாக வந்த கெஸல் வண்டியில் கம்பெனியார் அந்த அமைப்பைக் கைவிட்டார்கள். "கோபக்கார மாடு, ஆனா முன்னாடியே மூச்சு விட்டுச் சொல்லிரும்" என்பது சிற்றப்பாவின் தீர்ப்பு.

ஓர் ஐப்பசி மாதம், விளாத்திகுளத்திலிருந்து எட்டயபுரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின் ஆசனத்தில் சித்தியும் இரண்டு குழந்தைகளும். மழை விட்டிருந்தது. வயலிலிருந்து ஏறிய டிராக்டர் ஒன்று ஒரு வளைவு நெடுகக் கரிசல் சேற்றை இழுகிவிட்டுப் போயிருந்தது. ஈரத் தாருக்கும் ஈரக் கரிசலுக்கும் நிறத்தில் வித்தியாசம் தெரியாது. வழுக்குவதிலோ அது சோப்புக்கு அண்ணன். எதிரே ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. சிற்றப்பா பேச்சைச் சட்டென்று நிறுத்தினார். பிரேக்கை மிதிக்கவில்லை, காலையும் எடுத்துவிடவில்லை. ஆக்ஸிலேட்டரை மயிரிழை தளர்த்தி, ஸ்டீரிங்கை ஒரு விரற்கடை நிமிர்த்தி, வண்டி மறுபடியும் தரையைப் பற்றியதும் திருப்பினார். பஸ் ஒரு முழத் தூரத்தில் எங்களைக் கடந்து போயிற்று. சித்திக்கு நடந்தது ஒன்றுமே தெரியாது. "ஏன் பாதிக் கதையில நிறுத்திட்டீங்க?" என்று கேட்டார்.

வேறொரு விசித்திரமும் உண்டு. ஹெரால்டு பிறந்த அதே செங்கற்பட்டுச் சாலையில், இன்னும் கொஞ்சம் தெற்கே மறைமலைநகரில், 1999 முதல் ஃபோர்டு கம்பெனியார் ஐக்கான் என்ற வண்டியைச் செய்தார்கள். 2010-ல் ஃபிகோ வந்தது. இரண்டிலும் எண்ணெய் அழுத்தத்தால் உதவி செய்யும் ஸ்டீரிங். பாரத்தைக் குறைத்ததே தவிர, செய்தியைத் தடுக்கவில்லை. ஓட்டத் தெரிந்தவர்கள் அவற்றை இன்றும் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். அந்தக் கம்பெனியும் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப் போவதாக 2021-ல் அறிவித்துவிட்டது. அந்தச் சாலைக்கு என்ன ஜாதகமோ!

கோயம்புத்தூர்க் கரிவரதன் செய்த காரியம் இதையெல்லாம்விடத் துணிச்சலானது. மில் குடும்பத்தில் பிறந்த அவர், 1980-களின் பிற்பகுதியில் மாருதி 800 வண்டியின் எஞ்சினையும் உறுப்புகளையும் கொண்டு ஒற்றை ஆசனப் பந்தய வண்டிகள் செய்தார். மாருதியின் எஞ்சின் 796 ஸி.ஸி.; மூன்றே ஸிலிண்டர். ஆனால் வண்டி மிகவும் லேசு. கனமில்லாத வண்டி சொன்னபடி கேட்கும், நடப்பதை ஒளிக்காமல் சொல்லும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஃபார்முலா மாருதி என்ற அந்தச் சிறு வண்டிகளில் ஆரம்பப் பாடம் கற்ற நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் அதைப் பார்க்க இல்லை; 1995-ல் விமான விபத்தில் காலமாகிவிட்டார்.

இப்போது வருகிற வண்டிகளில் ஸ்டீரிங்குக்கு உதவி செய்வது மின்சார மோட்டார். எண்ணெயைச் சதா அழுத்திக்கொண்டிருக்கும் வேலை இல்லாததால் பெட்ரோல் மிச்சம். ஒரே விரலால் வண்டியைத் திருப்பி நிறுத்தலாம். ஆனால் பெரும்பாலானவற்றில் தரை சொல்லும் செய்தி வழியிலேயே அமுங்கிப் போகிறது. நியாயத்தையும் சொல்லவேண்டும். சக்கரம் வழுக்கினால் கணத்தில் கண்டுபிடித்து, எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் வேண்டுமோ அவ்வளவு கொடுத்து வண்டியை நேராக்கும் யந்திரமும் இவற்றில் பலவற்றில் இருக்கிறது. அந்த ஐப்பசி வளைவில் சிற்றப்பாவின் இடத்தில் சாதாரணச் சாரதி ஒருவர் இருந்திருந்தால், ஹெரால்டைவிட இந்தப் புது வண்டியே நல்லது என்று நாம் சத்தியம் செய்வோம்.

ஆனாலும் நமக்கு ஒரு பயம். சிற்றப்பாவின் பேரன் வைத்திருப்பது அப்படிப்பட்ட உயரமான புது வண்டி. அவனோடு ஒரு மழை நாளில் கோவில்பட்டியிலிருந்து வந்தோம். ஒரு வளைவில் ஸ்டீரிங்குக்கு முன்னால் சின்ன மஞ்சள் விளக்கு இரண்டு முறை சிமிட்டியது. "அது என்ன தம்பி?" என்று கேட்டோம். "என்னமோ, அடிக்கடி எரியுது மாமா" என்றான். சக்கரம் வழுக்கியது, யந்திரம் வண்டியைக் காப்பாற்றிவிட்டது என்று சொல்கிற விளக்கு அது. பிள்ளையாண்டானுக்கு இதுவரை எத்தனை முறை உயிர்ப்பிச்சை கிடைத்திருக்கிறதோ, அவனுக்கே தெரியாது. யந்திரம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், டயருக்கு இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்கிக் கொடுக்க முடியாதே!

ஹெரால்டை விற்றுவிடலாம் என்று சிற்றப்பாவின் பிள்ளைகள் ஒரு சமயம் பிடிவாதமாக இருந்தார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க அலையவேண்டும், சாமான் கிடைப்பதில்லை, சிற்றப்பாவுக்கும் கண் முன்போல் இல்லை. பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, எடைக் கணக்கில் ஒரு விலையும் சொன்னார். சிற்றப்பா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். பிறகு பேரனைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை காலையில ஒரு மணி நேரம் எனக்குக் குடு, அப்புறம் விக்கிறதைப் பத்திப் பேசுவோம்" என்றார்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் பேரன் ஓட்ட, சிற்றப்பா பக்கத்தில் உட்கார்ந்து விளாத்திகுளம் சாலையில் போய் வருகிறார்கள். முதல் வாரம் அவனுக்குத் தோள் வலித்தது. இரண்டாவது வாரம், கோழிக்குஞ்சு செத்தே போயிருக்கும் என்று தாத்தாவிடம் வசவு வாங்கினான். மூன்றாவது வாரம் ஓர் இடத்தில் வேகத்தைத் தானாகவே குறைத்து, "தாத்தா, இங்கே ரோடு இடது பக்கமா லேசாச் சாயுது, இல்லையா?" என்றானாம். அந்த இடத்தைப் புது வண்டியில் அவன் நூறு தடவையாவது கடந்திருப்பான்.