திருத்தணிப் படியும் குமரிக் கடலும்

எங்கள் ஊர் திருத்தணி. நாளுக்கு ஒன்றாக 365 படிகள் என்று மலைப்படிகளைச் சொல்வார்கள். 68 வயதிலும் அம்மா படியேறித்தான் முருகனைப் பார்ப்பார். ஆனால், தண்ணீர் என்றால் பயம். சின்ன வயதில் நந்தியாற்றில் வெள்ளம் பார்த்ததிலிருந்தே அப்படி. “கல்லு ஆடாதுடா, தண்ணி ஆடும்” என்பார்.

அவரை இந்த முறை கன்னியாகுமரிக்கு அழைத்துப் போனேன். போன அன்று கடல் சீற்றம், படகு இல்லை. நீர்மட்டம் தாழ்ந்தாலும் இங்கே படகை நிறுத்திவிடுவார்கள். “கரையிலேருந்தே கும்பிட்டுக்கலாம்” என்றார் அம்மா, நிம்மதியாக. அன்று மாலையே எங்களுக்கு ரயில்.

கரையில் உட்கார்ந்து விவேகானந்தர் கதையைச் சொன்னேன். 1892 டிசம்பரில் இங்கே வந்தவர், படகுக்குக் கொடுக்கக் காசில்லாமல் அந்தப் பாறைக்கு நீந்தியே போனார் என்பார்கள். மூன்று நாள் அங்கே தியானம் செய்தார். சற்று நேரம் கடலையே பார்த்த அம்மா சொன்னார்: “காசில்லாதவரே போயிருக்காரு. நம்மகிட்ட காசு இருக்கு. நாளைக்குப் போலாம்.”

ரயில் டிக்கெட்டை ரத்து செய்தேன்.

மறுநாள் காலை வரிசையில் நின்று, உயிர்காப்பு உடை மாட்டிக்கொண்டு, பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகப் படகில் ஏறினோம். கரையிலிருந்து சுமார் அரை கிலோமீட்டர்தான். படகு ஆடியதும் அம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். உதடுகள் முணுமுணுத்தன. முருகனை அழைக்கிறார் என்று நினைத்தேன். பாறையில் இறங்கியதும்தான் சொன்னார்: “படி எண்ணுற மாதிரி எண்ணிக்கிட்டே வந்தேன்டா. முந்நூறுகூட வரலை, அதுக்குள்ள வந்துட்டோமே!”

1970-ல் திறக்கப்பட்ட நினைவு மண்டபம், தேவியின் பாதச்சுவடு என்று வணங்கப்படும் ஸ்ரீபாதப் பாறை, சத்தமே இல்லாத தியான மண்டபம் எல்லாம் பார்த்தோம். அங்கிருந்து 133 அடி திருவள்ளுவர் சிலைக்கு 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம். 2024 டிசம்பர் 30-ல் திறந்தது. காலடியில் அலை புரளுவதை அம்மா குனிந்து குனிந்து பார்த்தார்.

நீங்கள் போவதென்றால், ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே வரிசைக்குப் போய்விடுங்கள்.

திரும்பும் படகில் அம்மா எதையும் எண்ணவில்லை. ஓரத்து இருக்கை வேண்டும் என்று மட்டும் கேட்டார்.