கொழுக்குமலையும் ஒரு தண்ணீர்க் கேனும்

தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கும் ஓர் இடத்துக்குப் போவதற்குத் தமிழ்நாட்டை விட்டு வெளியேறி, மறுபடியும் உள்ளே வரவேண்டும் என்றால் யாராவது நம்புவார்களா? கொழுக்குமலை சமாசாரம் அப்படித்தான் இருக்கிறது. மலை இருப்பது தேனி ஜில்லாவில். வண்டிப் பாதை புறப்படுவதோ கேரளத்து இடுக்கி ஜில்லாவைச் சேர்ந்த சூரியநெல்லியில். ஆகவே போடிநாயக்கனூரில் காப்பி சாப்பிட்டுவிட்டுப் போடிமெட்டு ஏறி, பூப்பாறை வழியாகச் சுற்றிச் சூரியநெல்லி சேர்ந்து, அங்கே நம் மோட்டாரை நிறுத்திவிட்டு ஜீப் பிடிக்க வேண்டும். சுமார் 12 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கிறது. "பாதை" என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்காகத்தான். கல்லும் கல்லுக்கு நடுவே பள்ளமும் உண்டு. பள்ளம் இல்லாத இடத்தில் வழுக்குப் பாறை உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 7,900 அடி உயரத்தில் தேயிலை பயிராகும் இடம் அது.

நாங்கள் ஆறு பேர் புறப்பட்டோம். நான், என் மனைவி, அவளுடைய தாயார், மைத்துனன், குழந்தைகள் இருவர். மேலே கூடாரத்தில் ஓர் இரவு தங்குவதாக ஏற்பாடு. ஓர் இரவுக்கு எவ்வளவு சாமான் வேண்டும் என்பதில் எங்கள் குடும்பத்தில் என்றைக்குமே அபிப்பிராய பேதம் இருந்ததில்லை. வீட்டில் உள்ளதெல்லாம் வேண்டும் என்பதே ஏகமனதான தீர்மானம். கம்பளிகள், அடுப்பு, அரிசி மூட்டை, பாத்திரப் பை, இருபது லிட்டர் தண்ணீர்க் கேன்கள் மூன்று, போடியில் என் மாமியார் மலிவென்று வாங்கிய பூசணிக்காய் ஒன்று. இவற்றில் பாதி எங்கள் காரின் கூரைமேல் கயிற்றால் பிணைக்கப்பட்டு மலையேறி வந்திருந்தன.

விடியற்காலை நான்கு மணிக்கு ஜீப் வந்தது. அதை ஓட்டி வந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க மனிதர். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவராம். கைவிளக்கைச் சாமான் குவியலின்மேல் அடித்துப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். மறுபடியும் சாமானைப் பார்த்தார்.

"சார், ஆறு பேர் வரலாம். இதெல்லாம் வராது" என்றார்.

"கூரைமேல் கம்பி இருக்கிறதே! அதில் கட்டிவிட்டால் போகிறது" என்றேன் நான்.

"கூரைமேல் ஒரு கம்பளிகூட ஏற்றமாட்டேன் சார். பாட்டிம்மா வருகிறார்கள், பிள்ளைகள் வருகிறார்கள்" என்றார் அவர்.

அவர் அதிக வாடகைக்கு அடிபோடுகிறார் என்றே அப்போது நான் நினைத்தேன். எனவே அவரோடு வாதித்தேன். அரை மணி நேரம் வீணாயிற்று. அவர் சொன்ன காரணம் பின்னால்தான் எனக்குப் புரிந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டு வண்டி குடைசாய்வதை நேயர்களில் சிலர் பார்த்திருக்கலாம். சமதரையில் அது தேர்போல் ஆடி ஆடிப் போகும். ஒரு சக்கரம் மாத்திரம் பள்ளத்தில் இறங்கட்டும். உச்சியிலிருக்கும் பாரம் அந்தப் பக்கமாக எட்டிப் பார்க்கும். பாரத்தின் நடுமையம் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தரைக்கு நேரே மேலே இருக்கிறவரையில் பயமில்லை. அது சக்கரத்தைத் தாண்டி வெளியே போய்விட்டால், பிறகு பிரம்மாவாலும் வண்டியை நிறுத்த முடியாது. பாரம் உயர உயர, அப்படி வெளியே போவதற்கு வேண்டிய சாய்மானம் குறைந்துகொண்டே வருகிறது. ஜீப்போ இயற்கையிலேயே நெட்டையான வண்டி. அதன் அகலம் சொற்பம். கூரையில் நாலு மூட்டை ஏற்றினால், ஏற்றாதபோது அது தாங்கும் சாய்வைத் தாங்காது. அந்தப் பாதையில் வண்டி ஒரு பக்கமாகச் சாயாத நிமிஷம் மிகவும் குறைவு.

ஜீப்பின் ஜாதகத்தைப் பார்த்தாலும் இது தெரியும். 1940-ஆம் வருஷத்தில் அமெரிக்க ராணுவம், கரடுமுரடான இடங்களில் ஓடக்கூடிய சிறு வண்டி ஒன்று வேண்டும் என்று கேட்டது. பாண்டம் என்ற சிறு கம்பெனி முதல் வண்டியைச் செய்து கொடுத்தது. பின்னர் வில்லிஸ் கம்பெனியும் ஃபோர்டு கம்பெனியும் யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் அதிகமாகச் செய்து குவித்தன. 1947-இல் பம்பாயில் மஹீந்திரா கம்பெனியார் அதே வில்லிஸ் வண்டியைப் பூட்டிச் சேர்க்கத் தொடங்கினார்கள். ராணுவத்தார் தங்கள் தஸ்தாவேஜுகளில் அந்த வண்டிக்குக் கொடுத்த பெயர் என்ன தெரியுமா? "கால் டன் லாரி" என்பதுதான். எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பது பெயரிலேயே இருந்தது. அமெரிக்கக் கணக்கில் கால் டன் என்பது 500 ராத்தல். இன்றைய ஜீப்புகள் அதைவிட நீளமானவை, பலமானவை, அதிகம் சுமப்பவை என்பது வாஸ்தவமே. ஆனாலும் ஏற்றும் பாரத்துக்கு ஒரு கணக்கு உண்டு என்பதையும், அந்தக் கணக்கில் மனிதர்களும் சேர்த்தி என்பதையும் நாம் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். இருபது லிட்டர் தண்ணீர் என்றால் இருபது கிலோ. எங்கள் கேன்கள் மூன்றும் சேர்ந்தால் மெலிந்த மனிதர் ஒருவருக்குச் சமானம். டிக்கெட் வாங்காத ஏழாவது பிரயாணி!

கடைசியில் ராஜி ஏற்பட்டது. அடுப்பும் அரிசியும் கேன்களும் பூசணிக்காயும் தேநீர்க் கடையில் தங்குவது, மற்றவை வருவது. அவர் சாமான் அடுக்கிய விதம் பார்க்கத் தகுந்ததாக இருந்தது. கனமான பாத்திரப் பையை முன் ஆசனத்தின் முதுகை ஒட்டித் தரையில் வைத்தார். பின் அச்சுக்கு முன்னாலேயே பாரம் முழுவதும் அடங்கும்படி பார்த்துக்கொண்டார். மாட்டு வண்டிக்காரர்கள் முன்பாரம், பின்பாரம் என்று பார்ப்பார்களே, அதே கணக்குத்தான். அச்சுக்குப் பின்னால் கனம் அதிகமானால் வண்டியின் மூக்கு தூக்கும். மூக்குத் தூக்கினால் முன்சக்கரம் தரையை இறுகப் பற்றாது. பற்றாத சக்கரத்தைத் திருப்பி என்ன பிரயோஜனம்? பாத்திரப் பையின்மேல் துணி மூட்டை, அதன்மேல் கம்பளி. ஆசனத்தின் உயரத்துக்கு மேல் எதுவும் போகவில்லை. எல்லாவற்றுக்கும் குறுக்கே ஒரு கயிறு ஓடி, தரையிலிருந்த வளையங்களில் முடிந்தது. ஜாக்கியும் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் இரண்டு முட்டுக்கட்டைகளும் மாத்திரம் மூட்டைக்கு அடியில் புதையாமல் கைக்கெட்டும் இடத்தில் தனியாக இருந்தன.

அவர் முன்னால் போய்ச் சக்கரங்களைப் பார்வையிட்டுக்கொண்டிருந்த சமயத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். மலை உச்சியில் குழந்தைகள் தாகம் என்று கேட்டால் என்ன செய்வது என்ற கவலை எனக்கு. கேன் ஒன்றை ஓசைப்படாமல் தூக்கி வந்து, பின்கதவை ஒட்டி நிறுத்தி, ஒரு ஜமக்காளத்தால் போர்த்திவிட்டேன். என் மைத்துனன் பார்த்தான், கண்ணைச் சிமிட்டினான்.

சூரியநெல்லியைத் தாண்டித் தேயிலைக்குள் நுழைந்ததும் தார் ரோடு முடிந்தது. அங்கே வண்டியை நிறுத்தி, பெரிய கியர்த் தடிக்குப் பக்கத்திலிருந்த சின்னத் தடியைத் தள்ளினார். நான்கு சக்கரமும் இழுக்க ஆரம்பித்தன. "ரோட்டிலேயே போட்டிருக்கலாமே?" என்று கேட்டேன். திரும்பும்போது முன்சக்கரங்கள் போகும் தூரம் வேறு, பின்சக்கரங்கள் போகும் தூரம் வேறு என்றும், மண்ணில் சக்கரம் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும் என்றும், கெட்டியான தார் ரோட்டில் வழுக்க இடமில்லாமல் பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும் என்றும் விளக்கினார். அதேபோல், சேற்றில் சிக்கிய பிறகு அந்தத் தடியைத் தேடுவதும் பயனில்லையாம். கெட்ட இடம் கண்ணுக்குத் தெரிந்தவுடனே, வருவதற்கு முன்பே, போட்டுவிட வேண்டும்.

அவருடைய கைகளைக் கவனித்தேன். கட்டை விரல்கள் இரண்டும் சக்கரத்தின் வளையத்துக்கு உள்ளே போகாமல் வெளியிலேயே படிந்திருந்தன. கல்லில் முன்சக்கரம் மோதினால் கைச்சக்கரம் திடீரென்று சுழலும். உள்ளே விரல் இருந்தால் அதன் ஆரம் விரலை ஒடித்துவிடும். இன்னொரு வேடிக்கை. வழியில் பெரிய கல் வந்தால் நாமெல்லாம் அதை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுப் போகப் பார்ப்போம் அல்லவா? அவர் சக்கரத்தையே கல்லின்மேல் ஏற்றினார். வண்டியின் அச்சு நடுவில் பூசணிக்காய்போல் ஓர் உருண்டை தொங்குகிறது. கல்லில் இடிபடுவது அதுதான். சக்கரத்தைக் கல்லின்மேல் ஏற்றினால் அதுவும் கூடவே உயர்ந்துவிடும். பூசணிக்காய் என்றதும் என் மாமியார், "கடையில் அந்தக் காய் பத்திரமாக இருக்குமா தம்பி?" என்று விசாரித்தார்.

பாதித் தூரம் போனதும் செங்குத்தான ஓர் ஏற்றம் வந்தது. முன்னால் போன ஜீப் ஏறி மறைகிறவரையில் நம்மவர் அடிவாரத்திலேயே காத்திருந்தார். எனக்குப் பொறுமையில்லை, சூரியோதயம் தவறிவிடுமே! அவர் வாய் திறக்கவில்லை. முன்வண்டியின் சிவப்பு விளக்கு மறைந்ததும் முதல் கியரில், ஒரே சீராக, நடுவில் கியர் மாற்றாமல் ஏறினார். பனியில் நனைந்த பாறை. பாதிக்கு மேல் போனபோது பின்சக்கரம் ஒன்று வழுக்கிச் சுழன்றது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

அந்தக் குலுக்கலில் "டணார்" என்று ஒரு சத்தம். பின்கதவின் தாழ் தெறித்துத் திறந்தது. என் தண்ணீர்க் கேன் ஜமக்காளத்தோடு வெளியே பாய்ந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த என் சின்னப் பெண் அதைப் பிடிக்கக் கையை நீட்டினாள்; மாமியார் அவளுடைய சட்டையைப் பற்றி இழுத்துத் தம் மடியில் சாய்த்துக்கொண்டார். இருட்டில் கேன் கல்லுக்குக் கல் தாவி இறங்கும் ஓசை கேட்டது. ஏற்றத்தின் அடியில், இன்னொரு ஜீப்பின் இரண்டு விளக்குகள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

சாரதி திரும்பிப் பார்க்கவில்லை. எஞ்சினை அணைக்காமல் பிரேக்கை மிதித்து, பின்னோட்டக் கியரில் போட்டு, பிரேக்கை மெல்ல விட்டு, வந்த தடத்திலேயே நேராகப் பின்வாங்கினார். நின்றுபோன வண்டியைச் சரிவின் குறுக்கே திருப்பப் பார்ப்பவர்களே உருளுகிறார்கள் என்று பிற்பாடு சொன்னார். கியரை எடுத்துவிட்டு உருள விடுவதும் அதே கதிதானாம். சமமான இடம் வந்ததும் நிறுத்தி, முட்டுக்கட்டைகளை வைத்துவிட்டுக் கீழே நடந்தார். நானும் ஓடினேன்.

கேன் அந்த ஜீப்புக்குப் பத்தடி மேலே ஒரு பாறையில் மோதிப் பிளந்து கிடந்தது. நாங்கள் ஏறி முடிக்கட்டும் என்று அந்த வண்டிக்காரர் அடியில் நின்றிருந்ததால் தப்பித்தார். எங்கள் வாலைப் பிடித்துக்கொண்டு ஏறியிருந்தால் அவருடைய முகப்புக் கண்ணாடி என்ன ஆகியிருக்கும், அதற்குப் பின்னால் இருந்தவர்கள் என்ன ஆகியிருப்பார்கள் என்று நினைக்கவே இன்றும் உடம்பு நடுங்குகிறது. அதிலும் இரண்டு குழந்தைகள் இருந்தன.

என்னை யாரும் திட்டவில்லை. அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது. நம்மவர் ஜமக்காளத்தை உதறி மடித்தார். தாழைக் கம்பியால் கட்டினார். "வேறு ஏதாவது இருக்கிறதா சார்?" என்று மட்டும் கேட்டார். இரண்டாவது முறை வண்டி ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறிவிட்டது.

கொழுக்குமலையின் காட்சியைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள், நான் எழுதப்போவதில்லை. மேகம் பாலாழிபோல் காலடியில் கிடந்தது. அது விலகியபோது கீழே போடிநாயக்கனூர்ப் பக்கத்துச் சமவெளி தெரிந்தது. பழைய தேயிலைச் சாலையில் தேநீர் கொடுத்தார்கள். தண்ணீர் மேலே தாராளமாகக் கிடைத்தது என்பதையும் வெட்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். பாரம் இறக்குவது இந்த மலைகளில் பழைய பிரச்னை. 1924-ஆம் வருஷத்து வெள்ளத்தில் அழிந்துபோகும் வரையில், மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் சிறிய ரயில் ஓடியது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக் கோட்டகுடிக்கு இறங்கின. மலையோடு வாதாடாமல், அது அனுமதித்த அளவுக்குப் பாரத்தைப் பகுத்து இறக்கியிருக்கிறார்கள்!

மறுநாள் இறங்கும்போது நான் முன் ஆசனத்தில் உட்கார்ந்தேன். ஏறின கியரிலேயே இறங்கினார். எஞ்சின் உறுமிக்கொண்டு வண்டியைப் பிடித்து வைத்தது. பிரேக்கை அவர் தொட்டது அபூர்வம். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். எதிரே ஏறிவந்த ஜீப்புகளுக்கெல்லாம் ஒதுங்கி நின்று வழிவிட்டார். ஏறுகிறவருக்கே முதல் வழி என்பது இந்தியாவின் மோட்டார் விதிகளிலும் உள்ளதுதான். முதல் நாள் கேன் பிளந்த இடம் வந்தது. நீலப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று இன்னும் கிடந்தது. அவர் வண்டியை நிறுத்தி இறங்கி, அதைப் பொறுக்கி என் காலடியில் போட்டுவிட்டு மேலே ஓட்டினார்.

சூரியநெல்லியில் தேநீர்க் கடைச் சாமான்களை மைத்துனன் காரின் கூரையில் ஏற்ற ஆரம்பித்தான். என் மாமியார் வண்டியில் ஏற மறுத்து ரோட்டிலேயே நின்றார். கேன்கள் இரண்டையும் கவிழ்த்துக் காலி செய்து, அரிசி மூட்டையைக் கடைக்காரரிடமே விற்று, அடுப்பைக் கால்மாட்டில் வைத்து, கூரை வெறுமையானதைத் தம் கண்ணால் பார்த்த பிறகே உள்ளே வந்து உட்கார்ந்தார். பூசணிக்காயை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. போடிமெட்டு வளைவுகள் அத்தனையிலும் அது அவர் மடியிலேயே இருந்தது.